உள்ளந் திறத்தலும் உளம் புதிதாதலும்

உடற்பிணியை மருத்துவனிடம் மறைப்பார் இலர். உள்ளத்துப் பிணியையோ உற்றாரிடமும் உரைக்க நாணுகின்றோம். ஆலயத்தில் அருகருகே நின்று ஒரே குரலிற் பாவ அறிக்கை செய்வோர் பலர், அடுத்து நிற்பவர்தம் போராட்டம் இன்னதென்று அறியாமலே வீடு திரும்புகின்றனர். எல்லார்க்கும் பொதுவான அறிக்கை எவரையும் தனித்துச் சுடுவதில்லை. இக்குறையை நீக்குதற்கு 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த ஒரு முயற்சியை ஈண்டு ஆராய்வாம்.

ஜான் வெஸ்லி (1703–1791) ஆக்ஸ்போர்டிற் கற்றவர், குருப்பட்டம் பெற்றவர், நோன்பிலும் ஜெபத்திலும் ஒழுங்கு தவறாதவர். எனினும், 1735-இல் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறிச் சென்ற அவர், நடுக்கடலிற் புயல் மூண்டபொழுது மரணத்துக்கு அஞ்சினார். உடன்சென்ற மொரேவிய சபையாரோ கலங்காது பாடிக்கொண்டிருந்தனர். தம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டென அவர் உணர்ந்தார். பின்னர் 1738 மே 24 அன்று, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவிற் கூடிய ஒரு சங்கத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரை வாசிக்கக் கேட்டு விசுவாச உறுதி பெற்றார். அம்மாற்றம் தனியறையில் அன்றிப் பிறர் நடுவே நிகழ்ந்தமை கருதத்தக்கது.

அவ்வாண்டு டிசம்பரில், 'பேண்ட்' எனப்பட்ட சிறு குழுக்களுக்கு அவர் விதிகள் வகுத்தார். ஒருவர்க்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு, ஒருவர்க்காக ஒருவர் ஜெபிக்கவேண்டும் என்னும் யாக்கோபு நிருபத்தின் கட்டளையே அவற்றின் அடிப்படை. வாரந்தோறும் சிலர் கூடுவர். பாட்டோடும் ஜெபத்தோடும் தொடங்கி, தத்தம் சோதனைகளையும் தவறுகளையும் ஒளியாது உரைப்பர். ஒருவர் தம் நிலையை முதலிற் கூறிய பின்னரே ஏனையோரை வினவுவார். சேர விரும்புவோரிடம், தம் குற்றங்களைப் பிறர் வெளிப்படையாக எடுத்துரைக்க இசைவரோ என்றும் கேட்கப்பட்டது. வினவுவோரும் தம்மைத் திறந்து காட்டுதலின், அங்கே நீதிபதியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. நோயாளிகள் பலர் கூடி ஒரே மருத்துவரை நாடினர் என்க.

1742-இல் பிரிஸ்டல் நகரில் இம்முறை வேறொரு வடிவம் கொண்டது. ஆலயக் கடனை அடைத்தற்கு ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். வறியோர்க்கு அஃது இயலாதே என்றபொழுது, கேப்டன் பாய் என்பவர், வறியோர் பதினொருவரைத் தம்மிடம் ஒப்புவிக்குமாறும், அவர் தரவியலாததைத் தாமே தருவதாகவும் கூறினார். அவ்வாறே தலைவர்கள் வாரந்தோறும் வீடுதோறும் சென்றனர். காசு பெறச் சென்றவர்கள் அவ்வீடுகளின் பூசலையும் குடியையும் கண்டனர். கடன் தீர்க்க வந்த ஏற்பாடு ஆத்தும விசாரணையாக மாறியது. இதுவே 'வகுப்புக் கூட்டம்' தோன்றிய வரலாறு. பெண்டிரும் தலைவராயினர். 1814-இல் இலங்கையையும் 1817-இல் சென்னையையும் அடைந்த வெஸ்லிய ஊழியர் வாயிலாக இம்முறை தமிழரிடத்தும் பரவிற்று.

இஃது உரோமைச் சபையின் பாவசங்கீர்த்தனமே எனச் சிலர் பழித்தனர். அங்கே ஒருவர் குருவிடம் உரைக்கின்றார். இங்கே யாவரும் யாவரிடத்தும் உரைக்கின்றனர். வேறுபாடு அதுவேயாம்.

இக்கருத்து நம் தமிழ் நூலுக்கும் புதிதன்று. திருவள்ளுவர் 44-ஆம் அதிகாரத்திற் 'குற்றங்கடிதல்' கூறி, அடுத்த அதிகாரத்திலேயே 'பெரியாரைத் துணைக்கோடல்' வைத்தார். தன் குற்றத்தைத் தானே களைய முயல்வோனுக்கும் துணை வேண்டுமென்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். நட்பும் நகுதற்பொருட்டன்று, நெறி கடந்தவிடத்து இடித்துரைத்தற்பொருட்டென்பது அவர் கொள்கை.

ஆயினும் 19-ஆம் நூற்றாண்டு செல்லச்செல்ல வகுப்புக் கூட்டம் பல இடங்களில் உயிரிழந்தது. உறுப்பினர் பழகிய சொற்றொடர்களையே வாரந்தோறும் ஒப்புவித்தனர். வடிவம் நின்றது, உண்மை அகன்றது. உள்ளம் திறப்பதும் வழக்கமாகிவிட்டால் அதுவும் ஒரு போர்வையே. கேட்டதை வெளியிற் பரப்பும் நாவு ஒன்று புகுந்தாலும் கூட்டம் கெடும். ஒருமுறை காட்டிக்கொடுக்கப்பட்டவன் மறுமுறை வாய் திறவான்.

ஆதலின் பலவீனத்தை உரைத்தல் மட்டுமே மனிதனைப் புதுப்பித்துவிடாது. முதலில் தம்மைத் திறக்கும் தலைவர், கேட்டதைக் காக்கும் செவி, அடுத்த வாரமும் அன்போடு வினவும் நட்பு, இவையனைத்தையும் பயன்படுத்தும் தேவகிருபை ஆகியன ஒருங்கே வேண்டும். விடுதி அறைகளிற் சிறு ஜெபக்குழுக்களாகக் கூடும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. நல்லவராகத் தோன்றுதற்குக் கூடுவோர் வந்தபடியே திரும்புவர்; உள்ளபடியே தோன்றுதற்குத் துணிந்தோர் வேறு மனிதராய்த் திரும்புவர்.