முகமும் சட்டமும்

2021ஆம் ஆண்டு மே மாதம், ஊரடங்கின்போது ஐதராபாத் வீதியில் சமூக ஊழியர் ஒருவரைக் காவலர்கள் நிறுத்தி, முகக்கவசத்தை அகற்றப் பணித்தனர். அவர் மறுக்கவே, அப்படியே படம் பிடித்தனர். படம் எதற்கு என்று அவர் எழுத்து மூலம் வினவினார், விடை கிட்டவில்லை.

முகத்தின் அமைப்பை அளந்து, பதிவேட்டுப் படங்களோடு ஒப்பிடும் கருவிகள் அங்குக் காவல்துறையிடம் உள்ளன. இவற்றிற்குச் சட்ட ஆதாரம் யாது என அவர் தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு அறிவிக்கை அனுப்பிற்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, அரசிடம் கேட்டறியும் வழியை நமக்கு வகுத்தது. நம் முகத்தை அரசு குறித்துக்கொள்ளுமாயின், எச்சட்டப்படி, எத்தனை காலத்திற்கு என்று கேட்பது குடிமக்களாகிய நம் கடமையுமாகும்.