வாழையிலையில் தெரியும் தயிர்ச்சோறு

வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்ச்சோறு. மறதி நோய் வந்த தாத்தா அரை மணி நேரமாகத் தொடவில்லை. "வீம்பு" என்கிறார்கள் வீட்டில். பல நேரம் அது வீம்பே அல்ல. தட்டில் சோறு இருப்பதே அவர் கண்ணில் படுவதில்லை.

அல்சைமர் என்னும் மறதி நோய் நினைவோடு நிற்பதில்லை. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கும் திறனையும் குறைக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் முற்றிய 9 பேருக்கு வெள்ளைப் பாத்திரங்களை மாற்றி அடர்சிவப்புத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடு 25 சதவீதம் கூடியது. குடித்தது 84 சதவீதம் கூடியது. 2004-ல் வெளிவந்த சிறிய ஆய்வுதான். ஆனால் நம் ஊரில் சிவப்புத் தட்டு தேடி அலைய வேண்டாம், வாழையிலை போதும். பச்சையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும்.

தண்ணீர்தான் பெரிய கவலை. இந்த நோயில் தாகம் எடுப்பது குறையும், குடிக்கவும் மறந்துபோகும். சித்திரை வெயிலில் நீர் வற்றினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பம். அந்தக் குழப்பத்தைப் பார்த்து "நோய் முத்திப்போச்சு" என்று வீட்டார் கலங்குவார்கள். பிரிட்டனில் லூயிஸ் ஹார்ன்பி என்ற இளைஞர், நீர் வற்றித் துவண்ட தன் பாட்டிக்காக, பெரும்பகுதி தண்ணீரேயான வண்ண மிட்டாய்களை உருவாக்கினார். நமக்கு இளநீர், மோர், ரசம் இருக்கின்றன. மசித்த நுங்கும் இருக்கிறது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மற்ற சுவைகள் மங்கினாலும் இனிப்பின் மீது ஆசை பலருக்குக் கூடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு வாய் கொடுத்துத் தொடங்கினால், அடுத்த வாய் சோறு எளிதாக இறங்கலாம்.

ஊட்டும்போது டிவியை அணையுங்கள். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, நீங்களும் எதிரே உட்காருங்கள். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கூட இட்லித் துண்டைக் கையில் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோவார். ஒரு வாய் இறங்கியபின் அடுத்தது. அடிக்கடி புரை ஏறினாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோய் முற்றியபின் மூக்குக் குழாய் போடலாமா என்ற கேள்வி வரும். அது ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் தெளிவாகச் சொன்னது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்தால், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கு வரும்போது முதலில் அதைச் சொல்லுங்கள்.