அவர் தானாகத்தானே வந்தார்?

‘மனிதக் கடத்தல்’ என்றதும் நம் மனத்தில் ஓடுவது சினிமாக் காட்சிதான். ஒரு வேன், ஒரு கயிறு, வாயில் ஒட்டிய டேப். தங்கத்தைக் கடத்துவதற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்வதற்கும் தமிழில் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம், அதனால்தான் இந்தக் குழப்பம். மலாய்ச் சொல் தெளிவாக இருக்கிறது. ‘பெமெர்டகாங்கான் ஓராங்’ என்பதற்குள் ‘டகாங்’, அதாவது வியாபாரம், ஒளிந்திருக்கிறது. ஒருவரின் உழைப்பையோ உடலையோ வைத்து இன்னொருவர் சம்பாதிப்பதுதான் விஷயம். கயிறு தேவையில்லை.

இந்த செமஸ்டரில் ஓர் இடுபணிக்காக நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டத்தைப் படித்தேன். என்னை நிறுத்திய இடம் 16ஆம் பிரிவு. கடத்தப்பட்டவர் சம்மதித்தார் என்பதைக் குற்றவாளி தற்காப்பு வாதமாக வைக்க முடியாது என்கிறது அது. ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல.

அப்போது எனக்கு நினைவு வந்தவர் எங்கள் வளாகத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் தேநீர் கலக்கும் அண்ணன். தமிழ்நாட்டிலிருந்து முகவர் மூலம் வந்தவர். ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: “பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட பத்திரமா இருக்கு தம்பி. கடன் முடிஞ்சதும் தருவாரு.” முகவர் கட்டணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறதாம். மீதி எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. இதை நண்பனிடம் சொன்னபோது, “அவரு தானாத்தானே வந்தாரு, யாரு தூக்கிட்டு வந்தா?” என்றான்.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. கடப்பிதழைப் பிடித்து வைத்தல், கடனில் கட்டிப்போடுதல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், வெளியே போகவிடாமல் தடுத்தல், மிரட்டல் ஆகியவை அதில் உண்டு. ஓர் அறிகுறி இருப்பதாலேயே அது மனிதக் கடத்தல் ஆகிவிடாது. தொழிலாளர் சட்ட மீறலாக மட்டும் இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது அதிகாரிகள். (கடன் கணக்கு நமக்குப் புதிதா என்ன? தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் முன்பணக் கதையைக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு.)

படித்தவர்களுக்கு இது நடக்காது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மியன்மாரின் மியாவாடி, கம்போடியாவின் சிஹானுக்வில் போன்ற இடங்களில் உள்ள இணைய மோசடி வளாகங்களைப் பாருங்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் பட்டதாரிகள், பல மொழி பேசுபவர்கள் என்றும் அது குறிப்பிட்டது. மலேசியர்களும் அங்கே சிக்கினார்கள். ‘வாடிக்கையாளர் சேவை, நல்ல சம்பளம், விமான டிக்கெட் இலவசம்’ என்ற விளம்பரத்தை நம்பி, சொந்தக் கடப்பிதழோடு விமானம் ஏறியவர்கள் பலர்.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? ஆதாரம் சேர்க்கக் கிளம்பாதீர்கள். முதலாளியிடம் போய் நியாயம் கேட்கவோ, வீடியோ எடுத்து டிக்டாக்கில் போடவோ வேண்டாம். அடி விழப்போவது அந்தத் தொழிலாளிக்கு. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதி வையுங்கள்: இடம், நாள், நேரம், எத்தனை பேர், வாகன எண், அவர் சொன்ன வார்த்தைகள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 999. மற்றபடி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம், தாலியான் காசே 15999 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். சம்பளம், கடப்பிதழ் பிரச்சினை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. மனிதவள அமைச்சின் ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலியும் உண்டு. அதிகாரிகளிடம் போகத் தயங்குபவர்களுக்கு 1991 முதல் இயங்கும் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் வழிகாட்டும்.

உயிராபத்து இல்லாதபோது, பெரியவராக இருந்தால் முதலில் அவரிடமே கேளுங்கள். நான் கேட்டேன். “வேணாம் தம்பி, போலீசு என்னையத்தான் புடிக்கும்” என்றார் அண்ணன். இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கடத்தலின் நேரடி விளைவாக ஒருவர் சட்டவிரோதமாகத் தங்க நேர்ந்தால் அதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் கடத்தப்பட்டவர் என்று முதலில் அடையாளம் காணப்பட வேண்டும். அதனால்தான் தொண்டு அமைப்பிடம் முதலில் பேசலாம் என்றேன். ஒரு வாரம் யோசித்தார். இப்போது எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். அவருக்காக மலாயில் பேச நான் தயார் என்றும் சொல்லியிருக்கிறேன். தமிழில் கேட்டு மலாயில் சொல்லத் தெரிந்த நம்மைப் போன்ற மாணவர்கள் செய்யக்கூடிய உதவி இது.

உங்கள் நண்பர் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், கடப்பிதழ் நகல், முதலாளியின் முகவரி, முகவரின் எண் மூன்றையும் வீட்டில் விட்டுச் செல்லச் சொல்லுங்கள். ‘ஆபத்து’ என்று பொருள்படும் ஒரு சாதாரண வார்த்தையையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த வார்த்தை வந்தால், குடும்பத்தார் இங்கேயே காவல் நிலையத்தில் புகார் செய்து, அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தையும் உடனே தொடர்புகொள்ளலாம்.