தெருவையும் படிக்க வேண்டும்

மானிடவியல் ஆய்வு மாணவருக்கு நூலகம் பாதிதான். மீதிப் படிப்பு தெருவில். அதற்கு மலேசியாவின் பினாங்கு வாகான ஊர். ஜார்ஜ் டவுனில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.

2002 ஏப்ரலில் இங்கு நடந்த ‘பினாங்கு ஸ்டோரி’ மாநாடு நல்ல முன்மாதிரி. பல சமூகங்களின் வரலாறு அங்கே பேசப்பட்டது. ஆய்வுக்குப் பல்கலைக்கழகப் பதவி கட்டாயமல்ல என்பதற்குக் எழுத்தாளர் கூ சல்மா நசுத்தியோன் சாட்சி. தென்னிந்தியாவிலிருந்து வந்த பினாங்குச் சூலியா முஸ்லிம்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 2014இல் வெளிவந்தது.

தெருவில் சேர்த்த குறிப்புகளை மாணவர்கள் முன்வைக்கும் பயிலரங்குகளின் உண்மையான பயன் கேள்விகளில்தான் இருக்கிறது. மாணவர் தம் களக்குறிப்பில் சில பக்கங்களை வாசிப்பார். உடனே விசாரணை தொடங்கும்: இதைச் சொன்னவர் யார்? எந்த மொழியில் சொன்னார்? எழுதப்போவது அவருக்குத் தெரியுமா? ஒரே உரையாடலில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் புழங்கும் ஊரில், மொழியைக் குறிக்காத குறிப்பு பாதிச் செய்தியைத் தொலைத்துவிடும்.

இந்த அமர்வுகள் தமிழிலும் நடக்க வேண்டும். மாணவருக்குத் தகவல் தந்த ஒரு பூக்கடைக்காரரும் வந்து உட்கார்ந்து, தவறு இருந்தால் அங்கேயே திருத்தட்டும்.