மோயாற்றுப் பெரும் பள்ளம்

அமெரிக்காவில் கொலராடோ நதி குடைந்த பெரும் பள்ளத்தைப் பற்றி நம் வீட்டுக் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் படித்து வியக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து காலையில் புறப்பட்டால் பகல் போஜனத்துக்குள் கண்டுவிடக்கூடிய மோயாற்றுப் பள்ளத்தையோ, பெரியவர்களிலேயே பலர் அறியார்.

மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாகக் கோடநாடு சென்று, மலை விளிம்பில் நின்றோம். காலடியில் பூமி சரிந்து ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்குகிறது. அடியில் தெரிவது ஆறுதானா, அல்லது யாரோ வெயிலில் உலர்த்திய வேஷ்டியா என்று ஐயுறும்படி இருந்தது.

முக்கூர்த்தி மலைப் பகுதியில் பைக்காரா என்னும் பெயரோடு பிறக்கும் இந்நதி, 1932-ஆம் ஆண்டு முதல் மின்சார உற்பத்திக்கு உதவி வருகிறது. பிறகு மோயாறு எனப் பெயர் பூண்டு, முதுமலைக் காட்டில் தெப்பக்காட்டைத் தாண்டி, அருவியாய் விழுந்து, நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் நடுவே சுமார் 20 கிலோ மீட்டர் நீளமுள்ள இடுக்கினுள் புகுகிறது. முடிவில், 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கிறது. கோபிசெட்டிபாளையத்து நெல்லுக்கு வார்க்கும் நீரில் இதற்கும் பங்குண்டு.

மனிதர் எளிதில் செல்ல இயலாமையே இப்பள்ளத்துக்கு இதுகாறும் காவல். ஆயினும் ஒரு தீமை வழி கேளாமலே உள்ளே நுழையக்கூடும். தென்னாட்டில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் எஞ்சியுள்ள முக்கியமான புகலிடம் இப்பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடுகிறது. 1990-களுக்குப் பின் பாரத தேசத்தில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன.

சர்க்கார் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு அளிக்கலாகாதென 2006-ல் தடுத்தது. 2023-ல் அசிக்குளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவற்றையும் தடுத்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் கிடைக்கிறது. ஆனால் சட்டம் ஒவ்வொரு தொழுவத்துக்கும் வந்து எட்டிப் பார்க்குமா? கொங்கு நாட்டில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் வைத்தியரிடம், "என்ன மருந்து போடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நாம் திரும்பும் வேளையில், ஒரு பாறு சிறகை அசைக்காமலே நமக்குக் கீழே மிதந்து சென்றது. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது அதுவே நமக்கு முதல் முறை.