பால் வெள்ளையாக இருந்தால் போதுமா?



"கறந்த சூட்டோடு குடித்தால்தான் பாலில் பலம் இருக்கும். காய்ச்சினால் சத்துப் போய்விடும்" என்று சொல்லும் மூத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பசு கண்முன்னே நிற்கிறது. கறப்பவர் தெரிந்தவர். பாத்திரமும் சுத்தமானது. பிறகு எதற்கு அடுப்பு என்று நீங்களும் எண்ணியிருக்கலாம். இதே எண்ணத்தால் ஒரு பெரிய நகரம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பொஸ்டனில் நடந்தது

1911ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும் அயலூர்களிலும் திடீரெனத் தொண்டை நோய் பரவியது. கடும் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் வீக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தனர். சிலர் இறந்தும் போயினர். நோய் ஏழைகளின் குடிசைகளில் தொடங்கவில்லை. வசதியான வீடுகளில்தான் அதிகம் காணப்பட்டது.

வின்ஸ்லோ என்ற சுகாதார அறிஞர் ஆராய்ந்து பார்த்தார். நோயுற்ற வீடுகளில் பெரும்பாலானவை ஒரே பண்ணையின் பாலை வாங்கியிருந்தன. அது சுத்தத்துக்குப் பேர்போன பண்ணை. அந்த நம்பிக்கையிலேயே பாலைச் சூடாக்காமல் விற்றார்கள். மக்களும் அப்படியே குடித்தார்கள். கிருமியைச் சுமந்த ஒரு மனிதரிடமிருந்தே பால் கெட்டிருக்க வேண்டும் என்பது அவரது முடிவு.

அடுத்து வந்த குளிர்காலத்தில் சிக்காகோ நகரிலும் இதே கதை நடந்தது. அங்கே நோயுற்றோர் தொகை சுமார் 10,000 என மதிப்பிடப்பட்டது.

பாலுக்குள் எப்படி வந்தது?

இந்நோயைத் தருவது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமி. இதன் இருப்பிடம் மனிதனின் தொண்டை. தொண்டை நோயுள்ளவர் பால் கறக்கும்போது இருமினாலோ, கழுவாத கையால் மடியைத் தொட்டாலோ கிருமி பாலில் சேரும். சில வேளை காம்பிலுள்ள சிறு காயம் வழியாக மடிக்குள்ளேயே புகுந்துவிடும். மனிதத் தொண்டைக் கிருமி பசுவின் மடியை நோயாக்கும் என்பதை டேவிஸ், கப்ஸ் என்ற இரு வைத்தியர்கள் பின்னர் சோதித்துக் காட்டினர். ஒரு பசுவின் பால் மற்றப் பசுக்களின் பாலோடு கலக்கும்போது முழுப் பாலும் கெடுகிறது. நிறத்தையோ மணத்தையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுப்பே காவல்

பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 விநாடியோ வைத்தாலே இக்கிருமி மடிந்துவிடும். பாஸ்டர் முறை என்பது இதுதான். வீட்டில் பால் நன்றாகப் பொங்கிக் கொதித்தால் அதுவே போதும். குளிர்சாதனப் பெட்டி கிருமியைக் கொல்லாது. காய்ச்சுவதால் சில விற்றமின்கள் சற்றுக் குறையலாம். புரதமும் கல்சியமும் அழிந்துவிடுவதில்லை.

காய்ச்சிய பாலை மூடி வையுங்கள். அதில் பச்சைப் பாலைக் கலக்காதீர்கள். தொண்டை நோவுள்ளவர் பால் கறப்பதையும் சமைப்பதையும் பிறரிடம் விட்டுவிடட்டும்.

பிள்ளையின் இதயம்

இன்று பாலால் இந்நோய் பரவுவது அரிது. இருமல், தும்மல் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே அதிகம். ஆனால் கிருமி அதே கிருமிதான். கவனிக்காமல் விட்டால், தொண்டை நோவு ஆறி இரண்டு மூன்று வாரங்களின் பின் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வரும். முழங்கால், கணுக்கால் என மூட்டுக்கு மூட்டு வலி மாறும். இதய வால்வுகள் பழுதுபடும். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளே இதற்கு அதிகம் ஆளாகின்றனர்.

எல்லாத் தொண்டை நோவும் இதுவல்ல. தடிமலும் இருமலும் சேர்ந்து வருவது பெரும்பாலும் வைரசால்தான். ஆனால் தடிமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சலும், விழுங்கும்போது வலியும், கழுத்தில் நெறியும் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் பென்சிலின் குளிசையைப் பத்து நாளைக்குத் தந்தால் பத்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பிள்ளை ஓடி விளையாடுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

பொஸ்டன் தாய்மாருக்கு அன்று பென்சிலின் இருக்கவில்லை. உங்களுக்கு மருந்தும் உண்டு, அடுப்பும் உண்டு. நாளைக் காலை பால் பொங்கி எழும்வரை கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.