நாட்டு மரங்களை அறிந்து காத்தல்

பயிர் இன்னது களை இன்னது என்று அறியாதவன் கையில் களைகொத்தியைக் கொடுத்தால் பயிருக்கே சேதம் விளையும் என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். மரங்களின் விஷயத்திலும் இஃது உண்மையேயாம். சங்கரன்கோவில் வட்டாரத்தில், குருவிகுளத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் சீமைக்கருவேலை அகற்ற முற்படும் நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் முதற்கண் இதனைக் கவனித்தல் வேண்டும்.

சீமைக்கருவேலின் வரவு

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 1870-களில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட பிரதேசங்களில் விறகும் கரியும் தந்து ஏழை ஜனங்களுக்கு ஜீவனோபாயமாயிருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் தரிசுகளிலும் குளங்களின் உட்புறத்திலும் வரத்துக்கால்களிலும் அடர்ந்து பரவி, வேறெதனையும் வளரவொட்டாமற் செய்துவிட்டது. இதனை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் வருஷத்தில் ஆணையிட்டது. அயல்நாட்டுப் படர்செடிகளையும் மரங்களையும் நீக்குவது குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் வருஷத்தில் ஒரு கொள்கையை வகுத்தது. அகற்றுவது நன்றே, ஆனால் முள்ளுள்ளதெல்லாம் சீமைக்கருவேல் என்று எண்ணிக் கருவேல், வெள்வேல், உடை, வன்னி ஆகிய நாட்டு மரங்களையும் வெட்டிவிடுவோமாயின், இழந்ததை மீண்டும் பெற ஒரு தலைமுறை செல்லும்.

பட்டணத்தார் கற்கும் விதம்

சென்னையில் 2005-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற ‘நிழல்’ என்னும் அமைப்பினர், ஜனங்களைப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் அழைத்துச் சென்று, மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கற்பித்து வருகின்றனர். பட்டை, இலை, பூ, காய் இவற்றை நேரிற் பார்த்து மரத்தின் பெயரையும் பயனையும் அறிவதே இதன் முறை. குப்பை கொட்டப்பட்டிருந்த கோட்டூர்புரத்து ஆற்றோர நிலத்தில் இவர்கள் 2006 முதல் நாட்டு மரங்களை வளர்த்து ஒரு மரப்பூங்காவையும் உண்டாக்கினர். அடையாற்றின் முகத்துவாரத்தருகே 2011-இல் திறக்கப்பெற்ற 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவிலும் பள்ளி மாணவர்க்கு இத்தகைய கல்வி அளிக்கப்படுகின்றது.

பட்டணத்தார் முயன்று கற்கும் இவ்வறிவு, நம் ஊர்களில் ஆடு மேய்ப்போரிடமும் கலப்பை செய்யும் தச்சரிடமும் இயல்பாகவே இருந்தது. மேய்ச்சலும் மரக்கலப்பையும் குறையக் குறைய அவ்வறிவும் குறைந்து வருகின்றது. அறிந்த முதியோர் இருக்கும்போதே இளைஞர் அதனைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

அடையாளங்கள்

சீமைக்கருவேல்: பூ பசுமை கலந்த மஞ்சள் நிறமாய், விரல்போல் நீண்ட கதிராக இருக்கும். காய் வைக்கோல் நிறமாய், சற்று வளைந்து, இனிக்கும். முட்கள் இலைக்கணுவில் தோன்றும்.

நாட்டுக் கருவேல்: பூ பொன்னிறமான சிறு உருண்டை. காய் மணிகளைக் கோத்த மாலைபோல், விதைக்கு விதை இடுங்கியிருக்கும். அடிமரத்தின் பட்டை கறுத்து வெடித்திருக்கும். முட்கள் வெண்மையாய் இரண்டிரண்டாக இருக்கும்.

வெள்வேல்: பட்டை வெளிறியிருக்கும். வெளிர்மஞ்சள் பூவுருண்டைகள் கிளை நுனியிற் கொத்துக்கொத்தாய் மலரும்.

உடை: தலைப்பாகம் விரித்த குடைபோல் தட்டையாயிருப்பதால் தூரத்திலேயே தெரியும். காய் சுருண்டிருக்கும்.

வன்னி: இதன் பூவும் கதிராகவே இருப்பதால் பூவை மாத்திரம் கண்டு முடிவு செய்தல் கூடாது. இதன் முட்கள் குட்டையாய், அடி அகன்று, கணுக்களுக்கு இடையிலும் சிதறியிருக்கும். இதுவே தக்க அடையாளம்.

செய்யவேண்டுவன

குளத்தையோ புறம்போக்கையோ சுத்தம் செய்யுமுன், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஊரிலுள்ள முதியோருடனும் பள்ளிப் பிள்ளைகளுடனும் ஒரு நாட்காலையில் அவ்விடத்தைச் சுற்றிவருதல் நலம். நாட்டு மரங்கள் ஒவ்வொன்றிற்கும் அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை தீட்டிவிட வேண்டும். இயந்திரம் ஓட்டுவோரிடம் அதனைக் காட்டிச் சொல்லிவைத்தலும் அவசியம். சில குளங்களில் சமூகக் காடு வளர்ப்பின்கீழ் நாட்டுக் கருவேலே நட்டு வளர்க்கப்பட்டிருத்தலால், அங்கே இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

சீமைக்கருவேலை மேலாக வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் தழைக்குமாதலால் வேரோடு அகழ்ந்தெடுக்க வேண்டும். பழுத்த காய்களைத் தின்னும் கால்நடைகளின் சாணத்தின் வழியே விதை பரவுவதையும் மறவாதீர்கள். அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் அதுவே மறுபடியும் முளைக்கும். ஆகையால் வேம்பு, புங்கு, பூவரசு, கருவேல் முதலியவற்றை இடத்திற்கேற்பப் பருவமழைக்கு முன் நட்டு, ஆடு மாடு கடியாதபடி அடைப்புக் கட்டுதல் வேண்டும்.

ஊர்ச்சாவடி, கோயில், பள்ளிக்கூடம் இவற்றின் அருகிலுள்ள மரங்களில் பெயர்ப்பலகை கட்டித் தொங்கவிட்டால் அவ்விடமே நமக்கொரு பூங்காவாகும். இதற்கு அதிகச் செலவில்லை. கோடரி எடுக்குமுன் மரத்தின் பெயரைக் கேட்கும் வழக்கம் நம் கிராமங்களில் நிலைபெறுமாயின், வெட்டத்தக்கது நீங்கும், காக்கத்தக்கது நிற்கும்.